‘யாரைக் கேட்டுச் செஞ்ச?’

கேள்வி: ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் அறிவியலும் கணக்கும் எடுக்கிறேன். ஏழாம் வகுப்புக்கு வகுப்பாசிரியரும் நானே, 34 பிள்ளைகள். சொன்ன பேச்சைக் கேட்பார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் சொல்லாமல் ஒரு துரும்பும் அசையாது. குழாய் ஒழுகினால் தாண்டிப் போவார்கள். கணக்கை முடித்துவிட்டு ‘அடுத்து என்ன டீச்சர்?’ என்று என் முகத்தையே பார்ப்பார்கள். நான் லீவு போட்டால் அன்றைக்கு வகுப்பே நின்றுவிடும். லீடர் போட்டேன். தானாக வேலை செய்பவர்களுக்கு ஸ்டார் ஒட்டினேன். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பொறுப்புணர்வு பற்றிப் பேசவும் செய்தேன். ஸ்டார் மட்டும் இரண்டு வாரம் ஓடியது, அதோடு சரி. தானாக முன்வந்து செய்வதைப் பழக்க முடியுமா, இல்லை அது பிறவியிலேயே வர வேண்டுமா?

பதில்: பழக்கலாம். ஆனால் பேசிப் பழக்க முடியாது. உங்கள் வகுப்பில் எந்தெந்த முடிவு யார் கையில் இருக்கிறது என்பதை மாற்றினால்தான் வரும்.

உங்கள் பிள்ளைகளைச் சாயங்காலம் தெருவில் பாருங்கள். ஆளுக்கு இவ்வளவு என்று காசு போட்டுப் பந்து வாங்குகிறார்கள், அணி பிரிக்கிறார்கள், பந்து யார் வீட்டு மாடியில் விழுந்தால் அவுட் என்று சட்டம் போடுகிறார்கள். பெண் பிள்ளைகளில் பாதிப் பேர் தம்பி தங்கையைக் கிளப்பிவிட்டு, ரேஷன் கடை வரிசையில் நின்றுவிட்டு வருகிறவர்கள். அதே பிள்ளை வகுப்பறைக்குள் வந்ததும் ‘மார்ஜின் போடவா டீச்சர்?’ என்று கேட்கிறது. திறமை போய்விடவில்லை. இந்த அறைக்குள் அதைக் காட்டினால் திட்டு விழும் என்று ஆறேழு வருஷத்தில் கற்றுக்கொண்டிருக்கிறது.

தானாக ஒன்றைச் செய்வதில் மூன்று பகுதி உண்டு. ஒன்றைக் கவனிப்பது, என்ன செய்யலாம் என்று முடிவெடுப்பது, செய்து முடிப்பது. பள்ளியில் முதல் இரண்டையும் பெரியவர்கள் வைத்துக்கொண்டு, மூன்றாவதை மட்டும் பிள்ளைகளிடம் தருகிறோம். ‘போர்டைத் துடை’ என்றால் போர்டு அழுக்காக இருப்பதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள், துடைக்க வேண்டும் என்ற முடிவும் உங்களுடையது. பிள்ளைக்கு மிஞ்சியது கை வேலை. மீறி ஒரு பிள்ளை மூன்றையும் தானே செய்து, அது கொஞ்சம் கோணலாகப் போனால் வருகிற முதல் கேள்வி ‘யாரைக் கேட்டுச் செஞ்ச?’ இந்த ஒரு வாக்கியம் போதும். திட்டு வாங்கியது ஒருவன் என்றாலும் பாடம் படிப்பது 34 பேரும்.

அதனால் எதையும் தொடங்குமுன் ஒரே ஒரு நாள் கணக்கெடுங்கள். மேசையில் ஒரு துண்டு நோட்டு வைத்து, காலை மணி முதல் சாயங்கால மணி வரை உங்களிடம் வருகிற ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கோடு. மூன்று பத்தி போதும். எழுதுவது பற்றியது (எந்தப் பக்கம், எந்தப் பேனா, தேதி போடணுமா), எழுந்து போவது பற்றியது (தண்ணீர், ஜன்னல், பென்சில் சீவ), பாடம் பற்றியது. முதல் இரண்டு பத்தியும் நிரம்பி வழிந்து மூன்றாவது காய்ந்து கிடந்தால் ஆச்சரியப்படாதீர்கள். இந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள், ஆறு வாரம் கழித்து மறுபடி வேண்டும்.

முதல் இரண்டு வாரத்துக்கு வேலை ஒன்றே ஒன்று: அந்த இரண்டு பத்தியைக் காலி செய்வது. ஒரு சார்ட்டை மூன்றாகப் பிரித்துச் சுவரில் ஒட்டுங்கள். பச்சையில் ‘கேட்க வேண்டாம்’: தண்ணீர் குடிப்பது, ஜன்னல் திறப்பது, விசிறி விளக்கை அணைப்பது, பென்சில் சீவுவது, போர்டு துடைப்பது, வாசிப்பு மூலையில் புத்தகம் எடுப்பது. மஞ்சளில் ‘சொல்லிவிட்டுச் செய்’: கழிப்பறைக்குப் போவது, அறிவியல் பெட்டியிலிருந்து பொருள் எடுப்பது, இடம் மாறி உட்காருவது. சிவப்பில் ‘கேட்டுத்தான் செய்’: பள்ளி வாசல் கேட்டைத் தாண்டுவது, சுவிட்ச் போர்டைக் கழற்றுவது, அமிலம், அடுப்பு, அடுத்த வகுப்புக்குள் நுழைவது. ஒவ்வொன்றிலும் ஆறேழு வரிக்கு மேல் வேண்டாம். இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு படம் போடுங்கள். படிக்கத் தெரியாத பிள்ளைக்குச் சார்ட் இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துத்தான் நடக்கும்.

இங்கே மூன்று இடத்தில் சறுக்கும். சார்ட் ஒட்டிய பிறகும் பிள்ளைகள் பழக்கத்தில் ‘டீச்சர், தண்ணி குடிக்கவா?’ என்பார்கள், நீங்களும் பழக்கத்தில் ‘ம், போ’ என்பீர்கள். அந்த ‘ம்’ ஓர் அனுமதி. அதைக் கொடுத்தால் சார்ட் வெறும் காகிதம். பேசாமல் கையைச் சார்ட்டின் பக்கம் நீட்டுங்கள். ஒரு வாரத்தில் கேட்பது குறையும்.

இரண்டாவது, முதல் மூன்று நாள் வகுப்பே தண்ணீர்ப் பானைக்குப் படையெடுக்கும். உரிமை நிஜம்தானா என்று சோதித்துப் பார்க்கிறார்கள். அனுமதியைத் திரும்பக் கொண்டுவராமல் எண்ணிக்கையைக் கட்டுங்கள்: பானைப் பக்கத்தில் இரண்டு டம்ளர் மட்டும், இரண்டும் எடுபட்டிருந்தால் காத்திருக்க வேண்டும். கழிப்பறைக்கு மட்டும் இந்தக் கட்டு வேண்டாம். ஏழாம் வகுப்பில் மாதவிடாய் தொடங்கிய பிள்ளைகள் இருப்பார்கள். வரிசையும் அனுமதி அட்டையும் அவர்களைச் சங்கடப்படுத்தும்.

மூன்றாவதுதான் பெரிய சறுக்கல். யாரோ ஒருவன் ஒரு வரியைத் துஷ்பிரயோகம் செய்ததும், ‘உங்களுக்கெல்லாம் சுதந்திரம் கொடுத்தது தப்பு’ என்று சார்ட்டையே கிழிப்பது. அன்றோடு வகுப்புக்குப் புரிந்துவிடும், இது டீச்சருடைய மனநிலையைப் பொறுத்த சலுகை என்று. எந்த வரியில் கோளாறோ அந்த வரியை மட்டும் வகுப்பின் முன் வையுங்கள். ‘பென்சில் சீவுகிறேன் என்று நாலு பேர் குப்பைக் கூடைப் பக்கம் கதை பேசுகிறீர்கள். இதுக்கு என்ன பண்ணலாம்?’ நிபந்தனையை அவர்கள் போடட்டும். மற்ற வரிகளைத் தொடாதீர்கள்.

அடுத்தது கவனிக்கப் பழக்குவது. திங்கட்கிழமை பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. நம் வகுப்பில், பள்ளியில் சரியில்லாத ஒன்றை எழுத வேண்டும். ஆள் பெயர் எழுதக் கூடாது, பொருளும் இடமும் மட்டும். முதல் வாரம் பாதிச் சீட்டில் ‘ஏ.சி. வேண்டும்’, ‘நீச்சல் குளம் வேண்டும்’ என்றிருக்கும். சிரித்துவிட்டு விடுங்கள். சீட்டுகளை மூன்று குவியலாகப் பிள்ளைகளே பிரிக்கட்டும்: நாமே சரிசெய்யலாம், யாரிடமாவது கேட்க வேண்டும், இப்போதைக்கு ஆகாது. முதல் குவியலிலிருந்து ஒன்று, இரண்டாவதிலிருந்து ஒன்று எடுத்து, போர்டின் ஓரத்தில் ஒரு வரி: வேலை, யார் யார், எந்த நாளுக்குள். அந்த வரியை வெள்ளிக்கிழமை வரை அழிக்கக் கூடாது, அழிக்குமுன் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டுக்கு மேல் எடுத்தால் ஒன்றும் முடியாது. முடியாமல் கிடக்கிற வேலை மாதிரி முயற்சியைக் கொல்வது வேறில்லை.

நீங்கள் எழுதிய ஒழுகும் குழாயையே எடுத்துக்கொள்வோம். இது ‘யாரிடமாவது கேட்க வேண்டும்’ குவியல். மூன்று பேர் குழாயடியில் ஒரு லிட்டர் பாட்டிலை வைத்து, எத்தனை நிமிஷத்தில் நிரம்புகிறது என்று பார்க்கட்டும். 20 நிமிஷம் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 3 லிட்டர், நாளைக்கு 72 லிட்டர். ஒரே ஒரு முறை அளந்தால் போதாது, தொட்டி நிறைந்திருக்கும்போது வேகமாகச் சொட்டும், காலியானால் குறையும்; காலையும் மதியமும் அளந்து சராசரி எடுக்கச் சொல்லுங்கள். பிறகு தலைமையாசிரியருக்கு ஒரு விண்ணப்பம்: தேதி, எந்தக் குழாய், எப்போதிலிருந்து ஒழுகுகிறது, எவ்வளவு வீணாகிறது, என்ன கேட்கிறோம். ஐந்து வரிதான். பெரும்பாலும் வாஷர் தேய்ந்திருக்கும், சில ரூபாய்ச் சாமான். மாற்றுவது பெரியவர் வேலை. ஆனால் கவனித்ததும், அளந்ததும், கேட்டதும் பிள்ளைகள். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்பே பேசிவையுங்கள்: ஞாபகப்படுத்தி இன்னொரு சீட்டு, அதன் பிறகு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். பெற்றோர் பெரும்பான்மையாக இருக்க வேண்டிய அந்தக் குழுவைக் கல்வி உரிமைச் சட்டமே (2009) வைக்கச் சொல்கிறது. அதில் ஒரு மாணவி எழுந்து ‘72 லிட்டர்’ என்று சொன்னால் அந்தக் குழாய் எத்தனை நாள் ஒழுகும் என்று பாருங்கள்.

இந்தச் சீட்டுகளால் ஓர் உப லாபமும் உண்டு. பள்ளி மாணவர்களின் புது யோசனைகளுக்கு ஒன்றிய அரசு தரும் இன்ஸ்பயர் மானக் விருதுக்கு ஆறாம் வகுப்பு முதலே யோசனை அனுப்பலாம். தேர்வானால் மாணவர் பெயரில் 10,000 ரூபாய் வரும். வழக்கமாகக் கடைசி நாளில் ஆசிரியரோ யூடியூபோ கொடுக்கிற யோசனைதான் அங்கே போய்ச் சேர்கிறது. உங்களிடம் ஒரு பருவத்துச் சீட்டு இருந்தால் அந்த அவஸ்தை இல்லை.

லீடர் விஷயத்துக்கு வருகிறேன். டீச்சர் வெளியே போனதும் சாக்பீஸோடு நின்று, பேசுபவர் பெயரைப் போர்டில் எழுதுகிற லீடரால் வகுப்புக்கு இன்னொரு ஆசிரியர் கிடைக்கிறார். மற்ற 33 பேருக்கும் ‘அது லீடர் வேலை’ என்ற சாக்கு கிடைக்கிறது. அந்தப் பெயர் எழுதும் வேலையை முதலில் நிறுத்துங்கள். பிறகு லீடர் பொறுப்பை ஆறேழு துண்டாக உடையுங்கள்: அறிவியல் பெட்டி, வாசிப்பு மூலை, செடிகள், செய்திப் பலகை, தண்ணீர், வராத பிள்ளைகளுக்கு நோட்டு எடுத்து வைப்பது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர், இரண்டு வாரம். செய்கிற விதத்தை மாற்றிக்கொள்ள அவர்களுக்கு உரிமை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இதுவும் இன்னொரு டியூட்டி லிஸ்ட்தான். முடியும்போது அடுத்த ஜோடிக்கு ஒரு குறிப்பு எழுதி வைக்கட்டும்: எது சரியாக நடந்தது, எது நடக்கவில்லை, எந்தப் பொருள் தீர்ந்துபோனது. உங்கள் பள்ளியில் 2024இல் தொடங்கிய மகிழ் முற்றம் (மாணவர்களை ஐந்து அணியாகப் பிரிக்கும் அரசுத் திட்டம்) குழுக்கள், அதாவது குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை, ஓடிக்கொண்டிருந்தால் இந்தப் பொறுப்புகளைக் குழுவாரியாகச் சுழற்றலாம். ஆனால் இதற்குப் புள்ளி போடாதீர்கள்.

ஏன் என்றால், உங்கள் ஸ்டார் இரண்டு வாரத்தில் ஏன் செத்தது என்பதற்கும் பதில் அதுதான். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் ஒரு மழலையர் பள்ளியில் செய்த சோதனை உளவியலில் மிகப் பிரபலம். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம் ‘வரைந்தால் சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். சில நாள் கழித்து, யாரும் கேட்காத நேரத்தில், அந்தக் குழந்தைகள்தான் மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தன. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற குழந்தைகளுக்கு அப்படி ஆகவில்லை. பரிசு என்றைக்குமே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. ‘செய்தால் இது கிடைக்கும்’ என்ற பேரம்தான் கெடுக்கிறது. ஸ்டார் தீர்ந்தால் வேலையும் தீர்ந்தது. வளரறி மதிப்பீட்டில் (பருவம் முழுக்க நடக்கும் தொடர் மதிப்பீடு) செயல்பாடுகளுக்கு உள்ள 20 மதிப்பெண்ணில் குழாய்க் கணக்கை ஒரு செயல்பாடாகச் சேர்ப்பது சரி, ஏனென்றால் அது கணக்கு. ‘தானாகச் செய்தால் 2 மார்க்’ என்றால் அது மறுபடி ஆணை. மார்க்குக்குப் பதில் பார்த்ததைச் சொல்லுங்கள். ‘சமர்த்து’ என்பது பிள்ளையைப் பற்றிய தீர்ப்பு. ‘கடைசியா போனவங்க விசிறியை அணைச்சிட்டுப் போயிருக்கீங்க, பார்த்தேன்’ என்பது நடந்த விஷயம். இரண்டாவது போதும். வழிபாட்டுக் கூட்டத்தில் பெயர் சொல்லிக் கை தட்டவைக்கவும் வேண்டாம், ஏழாம் வகுப்பு வயதில் அது பாதிப் பிள்ளைகளுக்குத் தண்டனை.

இதெல்லாம் வகுப்பு நிர்வாகம். நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது ‘அடுத்து என்ன டீச்சர்?’ என்ற கேள்விக்கு. படிப்பில் தானாக நகராத பிள்ளை உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் திண்டாடும்.

செயல்வழிக் கற்றல் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்கத் தொடக்க வகுப்புகளுக்குப் போனது. அதில் பிள்ளைகள் தாமே செய்து படிக்கிற பாட அட்டைகளைப் பற்றி ஆயிரம் விமர்சனம் உண்டு. ஆனால் ஒரு விஷயம் அதில் பிரமாதம்: சுவரில் பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப் படம் இருக்கும், தான் எந்தப் படியில் இருக்கிறோம் என்று பிள்ளைக்குத் தெரியும், முடித்த அட்டையை வைத்துவிட்டு அடுத்ததைத் தானே எடுக்கும். ‘அடுத்து என்ன’ என்பது சுவரில் இருந்தது, ஆசிரியர் வாயில் இல்லை. ஏழாம் வகுப்பில் அட்டை தேவையில்லை, அந்தச் சுவர் தேவை.

திங்கட்கிழமை போர்டில் அந்த வாரத்து வேலை ஐந்தையும் எழுதிவிடுங்கள். எந்த வரிசையில் செய்வது என்பது பிள்ளையின் இஷ்டம், வெள்ளிக்குள் முடிய வேண்டும். முதல் இரண்டு வாரம் ஐந்து வேண்டாம், இரண்டு போதும். எடுத்த எடுப்பில் ஐந்து கொடுத்தால் வெள்ளிக்கிழமை மதியம்தான் நோட்டைத் திறப்பார்கள். புதன்கிழமை ஒரு நிமிஷம், ‘எது முடிஞ்சுது, எது பாக்கி, எப்போ செய்யப் போற?’ என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லவைத்தால் இது சரியாகும். வீட்டுக்கணக்கிலும் தேர்வு கொடுங்கள்: பத்தில் ஏதாவது ஆறு. ஆனால் கடைசி நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இந்த நிபந்தனை இல்லாவிட்டால் எல்லாரும் முதல் ஆறோடு நிறுத்திக்கொள்வார்கள், கஷ்டமான கணக்குப் பக்கம் ஒருவரும் போகமாட்டார்கள்.

‘முடித்தவர்கள்’ என்று போர்டில் ஒரு மூலை. இந்தப் பாடத்தில் விடையோடு இரண்டு கேள்வி தயாரிப்பது, தேன்சிட்டு சிறார் இதழ் வாசிப்பது, ‘எனக்குத் தெரிய வேண்டியது’ நோட்டில் ஒரு கேள்வி எழுதுவது என்று மூன்று வழி இருந்தால் போதும். முடித்தவரைப் பின்தங்கியவருக்குச் சொல்லிக்கொடுக்க வைப்பது நல்ல பழக்கம்தான். தினமும் அதையே வைத்தால், சீக்கிரம் முடிப்பதற்குத் தண்டனை அது என்று கெட்டிக்காரப் பிள்ளைகள் கண்டுபிடித்து மெதுவாக எழுதத் தொடங்குவார்கள்.

மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியதையும் படியாக எழுதி ஒட்டுங்கள். கேள்வியைச் சத்தமாக ஒருமுறை படி, புத்தகத்தில் இதே மாதிரி எடுத்துக்காட்டைத் தேடு, பக்கத்தில் கேள், அப்புறம் டீச்சரிடம் வா. வரும்போது ‘வரல டீச்சர்’ என்றால் போதாது, ‘இதுவரைக்கும் செஞ்சேன், இங்கே நிக்குது’ என்று காட்ட வேண்டும். முதல் சில நாள் இது கல்நெஞ்சம்போல் தோன்றும். பரவாயில்லை. ஆனால் நிஜமாகவே அடிப்படை தெரியாத பிள்ளையை இந்தப் படிகளில் அலையவிடாதீர்கள். வகுத்தல் தெரியாதவனுக்கு விகிதக் கணக்கில் தன்முயற்சி வராது, முதலில் வகுத்தல்.

அறிவியலில் ஒரே ஒரு சோதனையை மட்டும் இப்படிச் செய்து பாருங்கள். முதல் பருவத்து அளவீட்டியல் பாடத்தில் அடர்த்தி வருகிறது. வழக்கப்படி பொருள், செய்முறை, விடை எல்லாம் புத்தகத்தில் இருக்கும், பிள்ளைகள் கை மட்டும் ஆட்டுவார்கள். மாற்றாக ஒரு கல், ஒரே அளவில் பத்து இரும்பு நட்டு, ஒரு அழிப்பான், ஒரு மெழுகுவர்த்தித் துண்டு, அளவுகுவளை, தராசு, நூல், ஊசி எல்லாவற்றையும் மேசையில் வைத்துக் கேள்வியை மட்டும் கொடுங்கள்: எது அடர்த்தி அதிகம், எப்படி நிரூபிப்பீர்கள்? பொருளைத் தொடுமுன் ஐந்து நிமிஷம் திட்டம் எழுத வேண்டும். இல்லாவிட்டால் கையில் கிடைத்ததையெல்லாம் தண்ணீரில் போடுவதோடு சோதனை முடியும். கல்லும் நட்டும் சுலபம், நீர் எவ்வளவு ஏறியது என்று பார்த்துவிடுவார்கள். நட்டு மிகச் சிறிதாக இருந்தால் குவளையில் ஏற்றமே தெரியாது. ‘பத்து நட்டைச் சேர்த்துப் போட்டு பத்தால் வகுக்கலாமே’ என்பது யாருக்காவது தோன்றுகிறதா பாருங்கள். மெழுகு மிதக்கும். எல்லாக் குழுவும் நிற்கிற இடம் அதுதான், எல்லாத் தலையும் உங்கள் பக்கம் திரும்புகிற இடமும் அதுதான். அங்கே வாயைத் திறக்காதீர்கள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் போகட்டும். ஒரு குழு ஊசியால் குத்தி மெழுகை முழுக்க அமுக்கும். இன்னொரு குழு கல்லோடு சேர்த்துக் கட்டிப் போட்டுவிட்டுக் கல்லின் கன அளவைக் கழிக்கும். இரண்டும் சரி. ஒரு பீரியடில் முடிவது இரண்டு பீரியட் ஆகும், அதனால் பருவத்துக்கு ஒரு சோதனைக்கு மேல் இப்படி வைக்க வேண்டாம். மற்றதைப் புத்தகப்படி செய்யுங்கள். போர்ஷன் முடியாமல் டிசம்பரில் திணறினால் இந்த முயற்சியைத்தான் முதலில் கைவிடுவீர்கள்.

வாய் திறக்காமல் இருப்பது ஒரு தனித் திறமை. கேள்வி கேட்ட பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒலிப்பதிவுகளை வைத்துக் கண்டார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, கேட்காமலே பேசியவர்கள் கூடினார்கள், பிள்ளைகளே கேள்வி கேட்பதும் அதிகமானது. மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். விடை வந்த பிறகும் உடனே ‘சரி’, ‘தப்பு’ சொல்லாமல் இன்னொரு முறை எண்ணுங்கள். இரண்டாவது காத்திருப்புதான் கஷ்டம், அதுதான் அதிகம் பலன் தருவதும்.

தப்பு நடக்கும். பக்கத்து வகுப்பு சார் நாளைக்கு வேண்டும் என்று எழுதிவைத்த போர்டைத் துடைத்துவிடுவார்கள். செடிக்கு ஆளாளுக்கு ஊற்றி வேர் அழுகிவிடும். அப்போது நாக்கு நுனியில் வருகிற அந்தக் கேள்வியை விழுங்கிவிட்டு மூன்று கேளுங்கள்: ‘என்ன நினைச்சு செஞ்ச? என்ன ஆச்சு? இப்போ எப்படிச் சரிசெய்யலாம்?’ குரலில் விசாரணை இருந்தால் இதுவும் பழைய கேள்விதான், பிள்ளைகளுக்குச் சட்டென்று தெரிந்துவிடும். சரிசெய்வது அவர்கள் வேலை: அந்த சாரிடம் போய்ச் சொல்லி, நோட்டைப் பார்த்து மறுபடி எழுதித் தருவது. நீங்கள் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தால் அவர்கள் கற்றது ஒன்றுமில்லை.

ஒரு மாதம் கழித்து யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று போர்டு வரிகளைப் பின்னோக்கிப் பாருங்கள். கையெழுத்து அழகான அதே ஆறு பேர் எல்லாவற்றிலும் இருப்பார்கள். கூட்டுவதும் கோலம் போடுவதும் பெண் பிள்ளைகள், பெஞ்சு தூக்குவதும் கடைக்குப் போவதும் பையன்கள் என்று பிரிந்திருக்கும். இதைவிட மோசமான ஒன்றும் தென்படலாம்: குறிப்பிட்ட தெருவிலிருந்து வரும் பிள்ளைகளே சுத்தம் செய்யும் வேலைக்குத் ‘தானாக’ முன்வருவது. அது தன்முயற்சி இல்லை. ஊர் தங்களிடம் எதை எதிர்பார்க்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது. சுத்தம் செய்வதை விருப்ப வேலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, வருகைப் பதிவேட்டு வரிசைப்படி எல்லாருக்கும் முறை வையுங்கள். கழிப்பறை சுத்தம் எந்த மாணவருக்கும் எந்தக் காரணத்துக்காகவும் கிடையாது. மற்ற வேலைகளுக்கு ஜோடியைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள்.

பேசாத பிள்ளை முன்வரவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். கை தூக்குவதும் மைக் பிடிப்பதும் ஒரு வகை, அவ்வளவுதான். கேள்வி எழுதிப் போட ஒரு அட்டைப்பெட்டி வைத்தால், வாய் திறக்காத நாலைந்து பேரிடமிருந்து வகுப்பிலேயே நல்ல கேள்வி வரும். ஏற்கெனவே துருதுருவென்று இருந்த பிள்ளை திடீரென்று ஒதுங்கினால் அது வேறு விஷயம். கண் பார்வை, காது, வீட்டு நிலைமை, சாயங்கால வேலை எதுவென்று தனியாக விசாரியுங்கள்.

தொடங்குமுன் தலைமையாசிரியரிடம் சார்ட்டைக் காட்டிவிடுங்கள். சக ஆசிரியர்களிடமும் பேசுங்கள், ஆனால் கட்டாயப்படுத்த வேண்டாம். உங்கள் பீரியடில் பச்சையில் இருப்பது அடுத்த பீரியடில் திட்டு வாங்கித் தரும். ‘இந்தச் சார்ட் என் பீரியடுக்கு, மற்ற சார் டீச்சர்கிட்ட அவங்க வழக்கம்’ என்று பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் சண்டை வராது. ‘படிக்க அனுப்பினா குழாய் பாக்குறாங்களா?’ என்று ஒரு பெற்றோராவது கேட்பார். அந்த 72 லிட்டர் கணக்கு உள்ள நோட்டைக் காட்டுங்கள்.

லீவு நாளைக் கடைசியாக வையுங்கள். ஆறாவது வாரம் மறுபடி கோடு போட்டுக் கேள்விகளை எண்ணுங்கள். முதல் இரண்டு பத்தி பாதிக்குக் கீழ் வந்து, ‘செய்யலாமா டீச்சர்’ என்பதற்குப் பதில் ‘செஞ்சுட்டோம் டீச்சர்’ காதில் விழ ஆரம்பித்திருந்தால் ஒத்திகை பார்க்கலாம். வகுப்பின் பின்பெஞ்சில் போய் உட்காருங்கள். 20 நிமிஷம், போர்டில் வேலை இருக்கும், நீங்கள் இல்லாத மாதிரி. யாராவது திரும்பிப் பார்த்தால் உங்கள் நோட்டைப் பாருங்கள். பத்தாவது நிமிஷத்தில் சத்தம் எழும்பும், எழுந்துவிடாதீர்கள். அவர்களில் ஒருவர் அடக்குவாரா என்று பார்க்கத்தான் இந்த ஒத்திகை. அடுத்த வாரம் முழு பீரியட். எந்த இடத்தில் தடுமாறினார்கள் என்று அவர்களிடமே கேட்டு, அதற்கு ஒரு ஃபைல் தயார் செய்யுங்கள்: மூன்று பாட வேலை, விடைத்தாள் ஒன்று, யார் எதைப் பார்த்துக்கொள்வது என்ற பட்டியல், நீங்கள் வந்ததும் தரவேண்டிய ஒரு பக்கக் குறிப்பு. ஃபைலை அறிவியல் பெட்டிப் பொறுப்பில் இருக்கும் ஜோடி வைத்துக்கொள்ளட்டும். நிஜ லீவு அன்று வகுப்பில் பெரியவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். பக்கத்து வகுப்பு டீச்சரிடம் முன்னாலேயே சொல்லிவையுங்கள்: உள்ளே வந்து உட்கார்ந்தால் போதும், ஃபைலைத் திறக்க வேண்டாம்.